கேட்காமல் திறந்த போன்

புதிதாக போன் சர்வீஸ் கடை போட்டிருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் தொழில்காரர்கள் குழுவில் ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். டிஸ்ப்ளே கழற்றுவது, போர்டில் சால்டரிங் வைப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் ஒரு ஸ்க்ரூ இரண்டாகத் தெரிகிறது. அதனால்தான் மன்னார்புரத்துக் கடையை மூடிவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவர் வந்து, தன்னுடையது அல்லாத ஒரு போனை எடுத்து நீட்டி, குரலைத் தாழ்த்தி, "உள்ள என்ன இருக்குன்னு பாக்கணுமே" என்பார். புருஷன் போனை மனைவி கொண்டு வந்தாலும், மனைவி போனைப் புருஷன் கொண்டு வந்தாலும் பதில் சுலபம். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடலாம். பிள்ளையின் போனைப் பெற்றவர்கள் கொண்டு வரும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பது நாம்.

இந்த விஷயத்தில் நான் அடித்த கூத்தை அப்படியே சொல்கிறேன். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானே சமீபத்தில்தான் சிரிக்க ஆரம்பித்தேன்.

கடையை மூடுவதற்கு முந்தைய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பண்டிகை நெருங்கியிருந்ததால் கடையில் நிற்க இடமில்லை. ராஜேந்திரன் வந்தார். ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டர், ஸ்ரீரங்கத்தில் வீடு, பழைய வாடிக்கையாளர். மீசையும் பெரிது, குரலும் பெரிது. அன்று குரலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போலப் பேசினார்.

"அண்ணே, இது என் போன். இது பொண்ணு போன். தர்ஷினி. பிளஸ் ஒன் படிக்குது. டெம்பர் கிளாஸ் மாத்தித் தரேன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"மாத்திடுவோம் சார்."

"கிளாஸ் நல்லாத்தான் இருக்கு. அது சும்மா அவகிட்ட சொன்னது. இதுல ஒரு ஆப் போடணும். அவ யார்கிட்ட பேசறா, எங்க போறா, எல்லாம் என் போன்ல தெரியணும். அவளுக்குத் தெரியக்கூடாது."

"ஏன் சார், என்ன ஆச்சு?"

"ஒரு வாரமா நான் உள்ள போனா போனைக் கவுத்து வெக்கிறா அண்ணே. சரியாச் சாப்பிடறதில்ல. கேட்டாலும் வாயத் திறக்கிறதில்ல."

"என்னன்னு கேட்டீங்க?"

"எவன்டி அவன்னு கேட்டேன்."

இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பிடாத பிள்ளையிடம் இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, பேசிட்டுப் போடுவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பக்கத்துக் கடை வரைக்கும் போன கூட்டம் என் கண்ணை மறைத்தது. அதோடு அந்தச் செயலியை அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் போட்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. வித்தைக்காரன் புத்தி.

இரண்டு போனும் ஆடித் தள்ளுபடியில் ஒன்றாக வாங்கியவை. ஒரே மாடல், ஒரே நீல நிறம், ஒரே கறுப்பு உறை. போதாததற்கு இரண்டிலும் முகப்பில் ஒரே குடும்பப் படத்தை ராஜேந்திரனே வைத்திருந்தார். இரண்டையும் பூட்டுத் திறந்தபடி வாங்கி மேஜையில் வைத்தேன். சார்ஜர் கேட்டு ஒருவர், சிம் கேட்டு ஒருவர் என்று நான்கு தடவை எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது தடவை உட்கார்ந்தபோது கையில் அகப்பட்டதை மகளுடையது என்று நினைத்து, வேவு பார்க்கும் செயலியைப் போட்டு மறைத்தும் வைத்தேன். அதை மேஜையில் வைத்துவிட்டு இன்னொருவரிடம் திரும்பிய நேரத்தில் ராஜேந்திரனுக்கு அழைப்பு வந்தது. உறையின் மூலையில் இருந்த கிழிசலை அடையாளம் பார்த்துத் தன் போனை எடுத்துப் பேசினார். முடித்துவிட்டு, "இதாண்ணே என் போன்" என்று என் கையில் கொடுத்தார். மகள் போனில் நடப்பதைப் பார்க்கிற பக்கத்தை அதில் திறந்து வைத்தேன்.

கவனித்தீர்களா? நான் செயலி போட்டதும் அதே போன்தான். பார்க்கிற பக்கத்தை வைத்ததும் அதே போன்தான். மகளின் போனில் எதுவுமே இல்லை. அவசரத்தில் கிளாஸைக்கூட மாற்றவில்லை. சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு நிமிடம் சோதித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ராஜேந்திரன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து பென்சிலால் குறித்திருந்தார்.

"தலைக்கு மேல போயிடுச்சு அண்ணே. தெனம் மூணு மணி நேரம் வீடியோ பாக்குது. அதுவும் ஸ்கூல் நேரத்துல. ஸ்கூலுக்குப் போன் எடுத்துட்டுப் போகவே கூடாது."

"ஸ்கூல்ல கேட்டீங்களா?"

"கேட்டேனே. பொண்ணு கிளாஸ்ல இருக்காங்கறாங்க. ஆனா மேப்ல போன் எங்க இருக்கு தெரியுமா? எங்க ஒர்க் ஷாப்ல! நான் மெயின் கேட்டுல நின்னா போனும் மெயின் கேட்டுல நிக்கிது. கேன்டீனுக்குப் போனா கேன்டீனுக்கு வருது. பொண்ணு போனை எவனோ ஒருத்தன் கையில வெச்சிக்கிட்டு என் பின்னாடியே சுத்தறான்!"

"நீங்க யாரையாவது பாத்தீங்களா?"

"திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இல்ல. சாப்பாட்டுப் பையக் கொட்டித் தேடிட்டேன். வண்டி சீட்டைக் கழட்டிப் பாத்துட்டேன். தெனம் சாயங்காலம் திருவானைக்காவல் பஜ்ஜிக் கடையில இருபத்தஞ்சு நிமிஷம் நிக்கிறான் அண்ணே. அங்கயே மடக்கிடலாம்னு நானும் இருபத்தஞ்சு நிமிஷம் நின்னேன். சிக்கல."

எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் கையிலிருந்த போனை வாங்கி, அவர் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். தேடிய சொற்களின் பட்டியல் அது. மகள் இணையத்தில் என்ன தேடுகிறாள் என்று பார்ப்பதற்கு. முதல் வரி: முன் வழுக்கையில் முடி வளர. இரண்டாவது: சர்க்கரை உள்ளவர்கள் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடலாமா. மூன்றாவது: பஜ்ஜி எத்தனை சாப்பிடலாம். நான்காவது: மகள் பேசாமல் இருந்தால் என்ன செய்வது.

நான்காவது வரியில் என் கண் நின்றுவிட்டது. அந்த மனிதர் மகளிடம் கேட்கத் தெரியாததைப் போனிடம் கேட்டிருக்கிறார். அதைப் படிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்வர் பிரச்சினை சார். ரெண்டு நாள் பொறுங்க." நமக்கு ஒன்று புரியவில்லை என்றாலும், புரிந்தும் சொல்லத் தைரியம் இல்லை என்றாலும் சர்வர் மேல் பழி போடுவது நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். பாவம், அது வந்து மறுக்காது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

மறுநாள் வியாழன், நாலரை மணிக்கு யூனிபார்மோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் இருந்தாள்.

"அங்கிள், நான் ராஜேந்திரன் பொண்ணு. எங்கப்பா போன்ல என்ன போட்டீங்க?"

"உங்கப்பா போன்லயா? உன் போனுக்குக் கிளாஸ் மாத்தினேன்மா."

அவள் பையில் நோட்டுகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "இந்தச் சின்னக் கீறல் பழைய கிளாஸ்லயே இருந்தது. நீங்க மாத்தவே இல்ல. அப்ப எதுக்குக் கடைக்கு வந்துச்சு? நான் என் போன் பூராத் தேடிட்டேன், ஒண்ணுமில்ல. ஆனா நேத்து அப்பா வந்து, திருவானைக்காவல்ல எவன்கூட பஜ்ஜி சாப்பிடறேன்னு கத்தறாரு. எனக்கு பஜ்ஜியே புடிக்காது அங்கிள். அந்த வழியா தெனம் வர்றது அவர்தான்."

பதினோராம் வகுப்புப் பிள்ளை, என் வேலையில் இருந்த ஓட்டையை மூன்று வரியில் சொல்லிவிட்டாள். நான் எழுந்து போய்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடை மும்தாஜ் அக்காவைக் கூப்பிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் பிள்ளை தனியாக வந்து பேச ஆரம்பித்தால், நம்பிக்கையான ஒரு பெண்மணி பக்கத்தில் இருக்கட்டும். அக்கா வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! சர்வராம்ல, சர்வர்" என்றார் அக்கா. "ஒரு பொம்பளப் புள்ள பேரக் கெடுத்துட்டு அந்த மனுசன் நாலு நாளாத் தன்னையே தொரத்திக்கிட்டு அலையிறாரு. நீ சர்வர்ங்கற."

தர்ஷினி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"அங்கிள், நாம அனுப்பின போட்டோவை அவங்க போன்லேர்ந்து அழிக்க முடியுமா?"

"அவங்க அழிச்சாத்தான் உண்டு."

"நேர்ல போய்க் கேட்டா அழிச்சிடுவாங்களா?"

இந்தத் தொழிலில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். சில கேள்விகள் போனைப் பற்றியவை அல்ல. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்காதான் அவள் தோளில் கை வைத்து, "யாருடா கண்ணு நேர்ல வரச் சொன்னா?" என்றார்.

அப்புறம் கொட்டியது. விளையாட்டுச் செயலி ஒன்றில் பழக்கமான ஒரு தோழி. வேறு பள்ளி என்று சொல்லியிருக்கிறாள். ஆண்டு விழாவில் நடனமாடிய படத்தை இவள் அனுப்பியிருக்கிறாள். பத்து நாளுக்கு முன்னால் அந்தத் தோழி தோழியே இல்லை, ஓர் ஆள் என்று தெரிந்தது. படத்தை அசிங்கமாக மாற்றி இவள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுகிறான். அனுப்பாமல் இருக்க வேண்டுமானால் சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வர வேண்டும். சனிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

"அப்பாகிட்ட சொல்லலாம்னு நேத்துதான் நினைச்சேன். அதுக்குள்ள அவர் கத்த ஆரம்பிச்சிட்டாரு. இன்னிக்கி ராத்திரியோட போனைப் புடுங்கிடுவேன், ஸ்கூல நிறுத்தி அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்லிடாதீங்க அங்கிள். நான் போயி அழிக்கச் சொல்லிட்டு வந்துடறேன்."

அவளுடைய ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மனம். இது காப்பாற்றக் கூடிய ரகசியம் இல்லை என்று ஒரு மனம். கடைசியில் அவளிடம் பொய் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

"பாப்பா, நீ சனிக்கிழமை போகக்கூடாது. இதை நான் மறைக்க முடியாது. ஆனா உனக்குத் தெரியாம உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன். ஆனா முதல்ல நீங்க பண்ணினதை நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் சொல்றேன்."

"அடி சக்கை!" என்றார் மும்தாஜ் அக்கா.

ஐந்தேகால் மணிக்கு ராஜேந்திரன் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். வண்டியை நிறுத்தி உள்ளே கூப்பிட்டேன். மகளைப் பார்த்ததும் மீசை துடித்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"சார், தப்பு என்மேல. ஆப்பை உங்க போன்லயே போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீங்க பாக்கிறது உங்களைத்தான்."

"என்னைன்னா?"

"மூணு மணி நேரம் வீடியோ பாக்கிறது நீங்க. பஜ்ஜிக் கடையில நிக்கிறதும் நீங்க."

அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. கேட், கேன்டீன், பஜ்ஜிக் கடை என்று ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. மும்தாஜ் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"வீட்டுல கோதுமைக் கஞ்சி குடிச்சிட்டு, தெனம் பஜ்ஜியாப்பா?" என்றாள் தர்ஷினி. குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அவர் அவள் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார். "அண்ணே, நேத்து நீங்க ஒரு பக்கத்தைத் திறந்து படிச்சீங்களே. அதுல நான் தேடினதெல்லாம் இருந்துச்சா?"

"இருந்தது சார்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஒரு மனுசனோட தனிப்பட்ட விசயம் இல்லையா அண்ணே? கேக்காம எப்படிப் படிப்பீங்க?"

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தனக்கே கேட்டு, அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதை நான் அவகிட்ட கேக்கணும்" என்றார்.

அப்போது தர்ஷினி சொன்னாள். நின்றுகொண்டே, நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை என்ற சொல் வந்ததும் ராஜேந்திரன் எழுந்துவிட்டார். "குடு அந்தப் போனை!" என்று கை நீண்டது. அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தக் கை அவள் மேல் விழப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அது காற்றிலேயே நின்றது. பிறகு இறங்கியது.

"நான் படிக்கலாமா?" என்று கேட்டார். அவருடைய அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அவள் திறந்து, "இதுலேர்ந்து இது வரைக்கும் படிங்க. மத்தது எங்க கிளாஸ் பொண்ணுங்க பேசினது" என்றாள். அவர் அதுவரைக்கும்தான் படித்தார். படித்து முடித்துவிட்டு அழுதார். பெரிய மீசைக்காரர் அழுது நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அழுதேன்.

பிறகு அந்த ஆளுக்கு வண்டி வண்டியாகத் திட்டி அனுப்ப வேண்டும் என்றார். மகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றாள். இரண்டையும் தடுத்தேன். பதில் போடக்கூடாது, எதையும் அழிக்கக்கூடாது. இந்த ஓர் இடத்தில்தான் அன்று நான் என் தொழிலுக்கு உபயோகமாக இருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண்ணையும் கணக்கின் பெயரையும் அக்கா கடையில் பிரிண்ட் போட்டோம்.

ஒன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் அன்றைக்குச் சரியான போனில் போட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமையே அந்த மிரட்டல் அவர் கண்ணில் பட்டிருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். "முதல்ல அவளை அடிச்சிருப்பேன் அண்ணே. அப்புறம்தான் முழுசாப் படிச்சிருப்பேன்" என்றார். எது மேல் என்று எனக்கு இன்னமும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடையை மூடும்வரை ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பிள்ளை கூட வந்து உட்கார்ந்தால்தான் அந்த மாதிரிச் செயலியைத் தொடுவேன். எது தெரியும், எது தெரியாது என்று இரண்டு பேர் முன்னாலும் படித்துக் காட்டுவேன். எட்டு வயது என்றால் இறுக்கமாகவும் பதினாறு என்றால் தளர்த்தியும் வைக்கச் சொல்வேன். பாதிப் பேர் செயலியே வேண்டாம் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வியாபாரம் போனது, போகட்டும்.

தர்ஷினியின் படம் எங்கும் வெளியே வரவில்லை. அந்த ஆளிடமிருந்து செய்தி வருவதும் நின்றுவிட்டது. அவன் பிடிபட்டானா என்று எனக்குத் தெரியாது.

அந்த வியாழன் சாயங்காலமே அப்பா, மகள், நான் மூன்று பேரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அக்கா தன் கடையோடு என் கடையையும் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிரிண்ட் போட்ட தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ராஜேந்திரன் பக்கம் கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க சார், பாக்கணும்."

ராஜேந்திரன் நகரவில்லை.

"அது அவ போனுங்க மேடம். அவளைக் கேளுங்க."

எஸ்.ஐ. ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு கையைத் தர்ஷினி பக்கம் திருப்பி, "குடுக்கிறியாம்மா?" என்றார்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பூட்டைத் திறந்து, தன் கையாலேயே போனைக் கொடுத்தாள்.